ஆட்டம் முடியும் வரை

புறநோயாளிப் பிரிவின் நீண்ட பெஞ்சில் முறைக்காகக் காத்திருக்கும்போது, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் தமக்குள் பேசிக்கொள்வது கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, பேச்சு எப்போது வரும், எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், அடையாள அட்டைக்கு எந்த அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும் என்பவையே கவலைகளாக இருந்தன. அதே பிள்ளைகளுக்கு மீசை அரும்பத் தொடங்கியபின் ஒரே ஒரு கவலைதான் எஞ்சியிருக்கிறது. கைப்பேசி. “ராத்திரி ஒரு மணி வரைக்கும் கேம் ஆடுறான் அண்ணா, சாப்பாடு கூடக் கேக்கறதில்லை” என்று ஒரு தாய் சொல்வார். “பிடுங்கி வெச்சிடுங்கம்மா, ரெண்டு நாள் கத்துவான், அப்புறம் சரியாயிடும்” என்று பக்கத்திலிருப்பவர் சொல்வார். அந்தப் பக்கத்திலிருப்பவனாக நானும் பலமுறை இருந்திருக்கிறேன்.

இப்போது அப்படிச் சொல்வதில்லை. இணையவழி விளையாட்டில் தீங்கே இல்லை என்று நான் கருதவில்லை. அத்தீங்குகளில் இரண்டை எங்கள் வீட்டிலேயே கண்டோம். ஆனால் அந்தத் திரைக்குள் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதை அறியாமல் அதைப் பறிப்பது, வலி எங்கே என்று கேட்காமல் மருந்து கொடுப்பதைப் போன்றது என்பதே என் கருத்து. 17 வயது மகனின் தந்தை என்ற தகுதியைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் இரவு. எங்கள் வீடு செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. அப்போது அவனுக்கு 14 வயது. நால்வர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. நிறுத்து என்று மூன்று முறை சொன்னேன். அவன் திரும்பவில்லை. கூடத்திலிருந்த வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். அதற்குப்பின் நடந்ததை விரிவாக எழுத விருப்பமில்லை. அவன் நெற்றியைச் சுவரில் மோதிக்கொண்டான். என் மனைவி தன் கையைச் சுவருக்கும் நெற்றிக்கும் இடையில் வைத்ததில் அவள் விரல் வீங்கியது. அதன்பின் பதினொரு நாள்கள் அவன் எங்களுடன் ஒரு சொல்லும் பேசவில்லை.

ஓர் ஆலோசனைக்கூடத்தில், “அடிமைத்தனம், கைப்பேசியே கண்ணில் படக்கூடாது” என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் அவனே வாய் திறந்தான். “மூணு பேரு அங்கேயே இருந்தாங்க” என்றான். எனக்குப் புரியவில்லை. அவனுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் அம்மையாரிடம் சொன்னபோது அவர்தான் விளக்கினார். இந்த வகை விளையாட்டை இடையில் நிறுத்தி வைக்க இயலாது. ஒருவர் திடீரென்று வெளியேறினால் மற்ற மூவரும் குறைந்த பலத்துடன் தோற்பார்கள். வெளியேறியவருக்குப் பல விளையாட்டுகளில் தண்டனையும் உண்டு. நான் அணைத்தது ஒரு பொழுதுபோக்கை என்று நினைத்திருந்தேன். அவன் பார்வையிலோ, தன்னை நம்பிய மூவரை நடுவில் விட்டுவிட்டு ஓடும்படி அவனைச் செய்துவிட்டேன். விதியை மீறுவதென்பது ஆட்டிசம் உள்ள பலருக்கு எவ்வளவு பெரிய வேதனை என்பதை இந்த இதழைப் படிக்கும் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அம்மையாரின் சொற்படி, அதன்பின் நான் அவன் அருகில் அமர்ந்து பார்க்கத் தொடங்கினேன். முதல் வாரம் எனக்குத் தலைசுற்றலே மிஞ்சியது. பிறகு மெல்ல விளங்கியது. பள்ளியில் அவனால் செய்ய இயலாத அனைத்தும் அங்கே தேவைப்படவே இல்லை. எவர் கண்ணையும் பார்த்துப் பேச வேண்டாம். முகக்குறிப்பை ஊகிக்க வேண்டாம். சிரிப்பு கேலியா நட்பா என்று தடுமாற வேண்டாம். விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன, அவை நேற்றைப் போலவே இன்றும் இருக்கின்றன. அவன் மைக்கில் பேசுவதே இல்லை. ஆனால் எதிரி எந்தத் திசையில் பதுங்கியிருக்கிறான் என்பதை வரைபடத்தில் நொடியில் குறித்துவிடுவான். அணியிலிருந்த மூவரும் அதற்காகவே அவனைத் தேடி அழைத்தனர். தன்னை ஒருவர் தேடி அழைக்கும் அனுபவம் அவனுக்கு அதற்குமுன் கிட்டியதில்லை. எங்கள் தெருவில் மாலையில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் ஒருநாளும் அவனை அழைத்ததில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு எப்படி அழைப்பதென்று தெரியாது.

தமிழில் ஆட்டிசத்திற்கு ‘மதியிறுக்கம்’ என்றொரு சொல் வழங்குகிறது. எனக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை. இறுகிக் கிடப்பது அவர்களுடைய மதி மட்டும்தானா? டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், தாமும் ஆட்டிசம் உள்ளவர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தை. ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்றொரு கருத்தை 2012இல் அவர் முன்வைத்தார். புரிந்துகொள்ளத் தவறுவது ஒரு பக்கத்தில் மட்டும் நிகழ்வதன்று, நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளத் தவறுகிறோம் என்பதே அதன் சாரம். வைஃபை பெட்டியை அணைத்த அந்த இரவில், புரிந்துகொள்ளத் தவறியவன் நான்.

அதே ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நமது மாமல்லபுரத்தில் நடைபெற்றது. சென்னையின் நேப்பியர் பாலத்திற்கே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டினார்கள். வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரை கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கும் கைகூப்பி நின்றது. ஒரு பலகையின் முன் மணிக்கணக்கில் அசையாமல், உணவை மறந்து, எவருடனும் பேசாமல் அமர்ந்திருக்கும் பதின்பருவப் பிள்ளைகளைக் காட்டி, “எவ்வளவு ஒருமுகக் கவனம், பார்த்தாயா” என்று என் உறவினர்கள் வியந்தனர். அதே உறவினர்கள்தாம் என் மகனைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டவர்கள். (மாமல்லபுரத்திற்குச் சற்றுத் தெற்கே சதுரங்கப்பட்டினம் என்றே ஓர் ஊர் இருப்பதை அந்நாள்களில் எவரும் நினைவுகூராதது எனக்கு ஒரு சிறு வருத்தம்.) சதுரங்கமும் துப்பாக்கி விளையாட்டும் ஒன்று என்று வாதிட மாட்டேன். ஒன்றில் சிந்தனைக்கு இடைவெளி உண்டு. மற்றதில் கண்ணைப் பறிக்கும் ஒளியும், மேலும் ஆடு என்று தூண்டும் பரிசுகளும் உண்டு. ஆயினும் ஓர் ஆட்டத்தில் ஆழ்ந்துபோவது தன்னளவிலேயே நோய் என்றால், அது இரண்டிற்கும் பொருந்த வேண்டும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கென்றே ‘இன்ஃபினிட் செஸ்’ என்றொரு திட்டத்தை நடத்திவருகிறது. தெளிவான விதிகளும் ஒவ்வொருவருக்கும் உரிய முறையும் உள்ள ஆட்டம் அப்பிள்ளைகளுக்கு ஏற்றது என்ற எண்ணம் பெரியோரிடமும் இருக்கிறது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

கனடா நாட்டவரான ஸ்டூவர்ட் டங்கனும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. தாமும் ஆட்டிசம் உள்ளவர். மைன்கிராஃப்ட் என்ற கட்டுமான விளையாட்டில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பிறரால் கேலி செய்யப்பட்டு விரட்டப்படுவதை அறிந்து, 2013இல் அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் மட்டுமான ‘ஆட்கிராஃப்ட்’ என்ற தனிக்களத்தைத் தொடங்கினார். பிள்ளைகளை விளையாட்டிலிருந்து விலக்குவதற்குப் பதிலாக, விளையாட்டை அவர்களுக்குப் பாதுகாப்பானதாக மாற்றினார். நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞரின் கதை வேறுவகை. அவருக்கு ஆட்டிசம் இல்லை. டூஷேன் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014இல் 25 வயதில் மறைந்தார். விளையாட்டே கதியென்று தனிமையில் வாழ்ந்து முடிந்துவிட்டானே என்று பெற்றோர் கலங்கியிருந்தனர். மறைவுச் செய்தியை அவருடைய வலைப்பதிவில் தந்தை அறிவித்தபின், விளையாட்டில் அவரை அறிந்திருந்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. இறுதிச் சடங்கிற்குச் சிலர் வேறு நாடுகளிலிருந்தே வந்தனர். 2024இல் வெளியான அவரைப் பற்றிய ஆவணப்படத்தில் ஒரு செய்தி வருகிறது. ஆட்டிசம் உள்ள மகனுடன் நெருங்க இயலாமல் தவித்த ஒரு தாய்க்கு, அந்த விளையாட்டின் வழியாகவே மகனிடம் பேசலாம் என்று வழிகாட்டியவர் அவர்தாம். அதைப் பார்த்துவிட்டு நான் சிறிது நேரம் எழவில்லை.

இனி, தீங்குகள். நான் கண்ட முதலாவது, பணம். விளையாட்டில் அறிமுகமான ஒருவன், விலையுயர்ந்த உடை ஒன்றைப் பரிசாகத் தருவதாகச் சொல்லி, என் கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணை என் மகனிடமே கேட்டு வாங்கிவிட்டான். 4,300 ரூபாய் போயிற்று. என் மகன் பொய் சொல்லத் தெரியாதவன். ஆகவே பிறர் பொய் சொல்வார்கள் என்பதும் அவனுக்குத் தோன்றாது. நண்பன் என்று ஒருவன் சொன்னால் அவன் நண்பன்தான். கடுகடுத்துப் பயனில்லை. “ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது. கேட்பவர் நண்பர் அல்லர்” என்று ஒரு விதியாக எழுதி அவன் மேசையில் ஒட்டினோம். விதி என்றால் பிடித்துக்கொள்வான். பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணிநேரமும் பணம் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும். நான் மறுநாள்தான் அழைத்தேன்.

பணம் வைத்து ஆடுவது பற்றி ஒரு விளக்கம் தேவை. “அரசாங்கமே கேமைத் தடை செய்துவிட்டதாமே” என்று பெஞ்சில் சிலர் கேட்கிறார்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வெளியிடப்பட்ட விதிகள், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் சேரக்கூடாது என்றும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை எவரும் ஆடக்கூடாது என்றும் கூறின. சென்னை உயர் நீதிமன்றமும் ஜூன் மாதத்தில் அவற்றை ஏற்றது. பின்னர் ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்குமே தடை செய்தது. இவையெல்லாம் பணப் பந்தயத்திற்கு எதிரானவை. நம் பிள்ளைகள் ஆடும் சாதாரண விளையாட்டுகளுக்கு அத்தடை இல்லை; நள்ளிரவில் அவற்றைப் பூட்டுவதற்கு எந்த ஆணையமும் வராது. திறந்து பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும் பரிசுப் பெட்டிகளைக் காசுக்கு விற்கும் வழக்கமும் அவ்விளையாட்டுகளில் இருக்கிறது. ஆகவே, கைப்பேசியில் யுபிஐயையும் வங்கிக் கணக்கையும் இணைத்துப் பிள்ளையிடம் கொடுக்காதிருப்பது நம் பொறுப்பு.

இரண்டாவது தீங்கு உறக்கம். என் கருத்தில் இதுவே பெரிது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உறங்குவதில் ஏற்கெனவே சிக்கல் உண்டு. 2013இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 8 முதல் 18 வயது வரையிலான ஆட்டிசம் உள்ள சிறுவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 2.1 மணிநேரமும், மற்றச் சிறுவர்கள் 1.2 மணிநேரமும் வீடியோ விளையாட்டு ஆடுவதாகப் பெற்றோர் தெரிவித்திருந்தனர். அதே குழுவினரின் மற்றோர் ஆய்வு, படுக்கையறைக்குள்ளேயே விளையாட்டுக் கருவி இருப்பதற்கும் உறக்கம் குறைவதற்கும் ஆட்டிசம் உள்ள சிறுவர்களிடம் தொடர்பு இருப்பதைக் கண்டது. எது காரணம், எது விளைவு என்பதை அவ்வகை ஆய்வால் அறுதியிட இயலாது. உறக்கம் வராததால் கைப்பேசியை எடுப்பவர்களும் இருப்பார்கள். ஆனால் கருவியைப் படுக்கையறையிலிருந்து வெளியே கொண்டுவருவதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவைப்படவில்லை. வலிப்பு நோயும் உள்ள பிள்ளை எனில், மின்னி மறையும் ஒளிக்காட்சிகள் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டிசத்துடன் வலிப்பும் சேர்ந்திருப்பது அரிதன்று.

‘அடிமை’ என்ற சொல்லை நாம் மிக எளிதாகக் கையாள்கிறோம். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றிருக்கிறது. அதில் மணிக்கணக்கு பேசப்படவில்லை. ஆட்டத்தைத் தன் கட்டுக்குள் வைக்க இயலாமை, வாழ்வின் மற்ற அனைத்தையும்விட அது முதன்மையாகிவிடுதல், கேடு விளைந்தபின்னும் தொடர்தல், இவையெல்லாம் பொதுவாக ஓராண்டு அளவிற்கு நீடித்து, கல்வியையோ குடும்ப வாழ்வையோ குலைத்தல் ஆகியனவே அளவுகோல். ஒரே பொருளில் ஆழ்ந்து திளைப்பது ஆட்டிசத்தின் இயல்பு. என் மகன் எட்டு வயதில் ரயில் எண்களில் திளைத்தான். செங்கல்பட்டுச் சந்திப்பில் நிற்கும் வண்டிகள் அனைத்தும் அவனுக்கு மனப்பாடம். அப்போது எவரும் அதை அடிமைத்தனம் என்று சொல்லவில்லை. அந்த இயல்பையும் கோளாற்றையும் பிரித்தறிவது மருத்துவரின் பணி. அதற்கு உதவும் செய்திகளைக் கொண்டுசெல்வது நம் பணி. “எப்பப் பாத்தாலும் கேம்” என்று சொன்னால் அவரால் எதையும் அறிய இயலாது. என்ன விளையாட்டு, யாருடன், எத்தனை மணிக்கு உறங்குகிறான், முன்பு விரும்பிய எதை விட்டுவிட்டான், ஆட்டம் இல்லாத நாளில் எப்படி இருக்கிறான் என்று இரு வாரங்கள் ஒரு நோட்டில் குறித்துச் செல்லுங்கள். உணவை மறுப்பது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, பகலும் இரவும் மாறிப்போவது ஆகியவை தென்பட்டால் இரு வாரம் காத்திருக்க வேண்டாம். இரவில் கையறு நிலையில் நிற்கும் பெற்றோருக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

மருத்துவர்களிடமும் ஒரு விண்ணப்பம். எத்தனை மணிநேரம் ஆடுகிறாய் என்று எல்லாரும் பிள்ளையைக் கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அவன் தலை குனிகிறான். அந்த ஆட்டத்தில் உன் வேலை என்ன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என் மகனிடம் அப்படிக் கேட்ட ஒரே ஒருவரிடம் அவன் இருபது நிமிடம் பேசினான். பெண் பிள்ளைகளைப் பற்றி நான் எழுதவில்லை என்பதையும் உணர்கிறேன். பெஞ்சில் பெண் பிள்ளைகளின் தாய்மார் குறைவு. அவர்கள் அமைதியாகத் திரையில் ஆழ்ந்திருந்தால் எவரும் குறையாகச் சொல்வதில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போதுள்ள ஏற்பாடு எளியது. “நிறுத்து” என்ற சொல் இல்லை. “இது எத்தனையாவது மேட்ச், எப்போது முடியும்?” என்று கேட்கிறோம். 9.30 மணிக்குள் முடியாத ஆட்டத்தை 9 மணிக்குமேல் தொடங்குவதில்லை. அந்த விதியை எழுதியவன் அவனே. நான் கேட்டது 9 மணி, அவன் கேட்டது 10. கைப்பேசி இரவில் கூடத்து அலமாரியில் உறங்கும், என்னுடையதும் சேர்த்து. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இந்த ஒழுங்கு அமைய ஏழு மாதம் பிடித்தது. தேர்வுக் காலத்தில் இருமுறை முற்றிலும் உடைந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நேரத்தைச் சொல்லால் உணர இயலாத பிள்ளைகளுக்கு மணற்கடிகாரமோ படஅட்டையோ உதவும். எது உதவும் என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டறியலாம். நம் மாவட்டத்திலேயே, முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது. அங்கும் இத்தகைய வழிகாட்டல் கிடைக்கும்.

துப்பாக்கி விளையாட்டின் மீதிருந்த நாட்டம் சென்ற ஆண்டு அவனுக்குத் தானாகவே குறைந்தது. நான் எதுவும் செய்யவில்லை. அந்த மூவரில் ஒருவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான், அணி கலைந்தது. இப்போது மைன்கிராஃப்டில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டுகிறான், கட்டம் கட்டமாக. படங்களைப் பார்த்துக் கட்டியது போதவில்லை, நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டான். அவனாகவே ஓர் இடத்திற்குப் போக வேண்டும் என்று கேட்டது அதுவே முதல் முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அழைத்துச் சென்றேன். பெருந்தவறு. கூட்டமும் ஊதல் ஓசையும் கண்டு காதைப் பொத்திக்கொண்டு நுழைவாயிலிலேயே அமர்ந்துவிட்டான்; திரும்பிவிட்டோம். அடுத்த முறை ஒரு செவ்வாய்க்கிழமை, விடியலிலேயே கிளம்பித் திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்று, காலையில் கோயில் வளாகம் திறக்கும் நேரத்திற்கே நுழைந்தோம். உள்ளே பத்துப் பேர் கூட இல்லை. காதில் ஹெட்போனுடன் கோயிலை மூன்று முறை சுற்றினான். பெரிய விமானத்தின் கருவறை கடலை நோக்கிக் கிழக்கே பார்க்கிறது. சிறியதன் வாயில் மேற்கே பார்க்கிறது. அவன் இரண்டையுமே கிழக்கு நோக்கிக் கட்டியிருந்தானாம். மதில்மேல் வரிசையாக அமர்ந்திருக்கும் நந்திகளை எண்ணத் தொடங்கி, பாதியில் எண்ணிக்கை தவறி, மீண்டும் முதலிலிருந்து எண்ணினான். நான் அவசரப்படுத்தவில்லை.

அன்றிரவு 9.30 வரை அமர்ந்து சிறிய விமானத்தை இடித்து மேற்கு நோக்கித் திருப்பிக் கட்டினான். 9.30க்குக் கைப்பேசி அலமாரிக்கு வந்தது. நந்திகளின் வேலை பாக்கி இருந்தது.